இருக்கைக்குப் பின்னால் ஒரு பாட்டில்

மிதிவண்டிப் பந்தயங்களை நெறிப்படுத்தும் யூ.சி.ஐ. அமைப்பு, தண்ணீர் பாட்டிலைச் சட்டகத்தின் உட்புறக் குழாய்களில் மட்டுமே பொருத்த அனுமதிக்கிறது. இருக்கைக்குப் பின்னால் பாட்டில் தாங்கியை மாட்டும் வழக்கம் டிரையத்லானுக்கே உரியது. காரணம் எளிது. நம்மைத் தொடர்ந்து அணியின் கார் வருவதில்லை. மணிக்கணக்கில் கைப்பிடி நீட்சிகளின் மேல் கவிழ்ந்தபடியே ஓட்டவேண்டும். 2019 முதல் கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டியையே எடுத்துக்கொள்வோம். 1.9 கி.மீ. நீச்சலுக்குப் பின் 90 கி.மீ. மிதிவண்டி, அதன்பின் 21.1 கி.மீ. ஓட்டம். அந்தக் கடற்கரைப் புழுக்கத்தில் பாதி வழியில் ஒரு பாட்டிலை இழந்தவர், அதற்கான விலையை ஓட்டத்தில்தான் கொடுப்பார்.

பெங்களூரில் பயிற்சி செய்பவர்களுக்கு இது போட்டிநாள் கவலை மட்டுமன்று. நந்தி மலைக்குச் செல்லும் பல்லாரி சாலையில் ஞாயிறு விடியலில் எத்தனை மிதிவண்டிகள் செல்கின்றன என்பது இங்குள்ளோர்க்குத் தெரியும். சென்ற ஆண்டு, அச்சாலையிலிருந்து பிரியும் ஓர் ஊர்ப்பாதையில், வண்ணம் பூசாத வேகத்தடை ஒன்றில் எங்களுக்கு முன்னால் சென்ற ஒருவரின் பின்பக்க பாட்டில் தெறித்து விழுந்தது. அது உருண்டு வந்த இடத்தில் என் ஆய்வகத்து இளையவரின் முன்சக்கரம் இருந்தது. காறை எலும்பு முறிந்து, ஆறு வாரம் அவரால் சோதனைக் கருவி எதையும் தூக்க இயலவில்லை. ஆய்வுக் காலத்தில் ஆறு வாரம் என்றால் என்னவென்று இதைப் படிப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அதன்பிறகே பாட்டில் ஏன் தெறிக்கிறது என்று முறையாக யோசிக்கத் தொடங்கினேன். சட்டகத்தின் நடுவிலுள்ள பாட்டில் இரு சக்கரங்களுக்கும் இடையே, சாய்வாக இருக்கிறது. பின்சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் அந்த இடம் அதில் ஒரு பகுதியே உயரும். இருக்கைக்குப் பின்னுள்ள பாட்டிலோ ஏறக்குறையப் பின் அச்சுக்கு நேர் மேலே இருப்பதால் சக்கரத்தின் முழு உதைப்பையும் வாங்குகிறது. போதாக்குறைக்கு, அதைத் தாங்கும் நீண்ட கை ஒரு வில்லைப்போல் அதிர்கிறது. மேட்டைக் கடந்ததும் வண்டி கீழே இறங்க, பாட்டில் மட்டும் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. அதைப் பிடித்து இழுப்பது தாங்கியின் வேலை. தண்ணீர் நிரம்பிய 750 மி.லி. பாட்டிலின் எடை ஏறத்தாழ 830 கிராம். வண்டி புவியீர்ப்பைப்போல் மூன்று மடங்கு முடுக்கத்துடன் கீழிறங்கினால், அதில் ஒரு மடங்கைப் புவியீர்ப்பே பார்த்துக்கொள்ளும். மீதி இரண்டு மடங்குக்கு, அதாவது சுமார் 1.7 கிலோ எடைக்கு நிகரான பிடி தேவை. நான்கு மடங்கென்றால் 2.5 கிலோ. இது செங்குத்தாக நிற்கும் பாட்டிலுக்கான கணக்கு.

ஆகவே எடை குறைவு, கார்பன் பளபளப்பு ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, பயணப்பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசைக் கையிலெடுத்தேன். பாட்டிலின் கழுத்தில் கயிறு கட்டி, தாங்கியிலிருந்து அது வழுவும் கணத்தில் தராசு என்ன காட்டுகிறதென்று பார்ப்பதுதான் சோதனை. பாட்டிலை நனைத்துவிட்டுச் செய்வது முக்கியம். சர்க்கரைப் பானம் வழிந்த பாட்டில் போட்டியில் காய்ந்த நிலையில் இருக்கப்போவதில்லை. தாங்கியின் பல் பாட்டிலின் பள்ளத்தில் சரியாக அமராவிட்டால் வெறும் உராய்வை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். இதனால்தான் ஒரே தாங்கி ஒரு பாட்டிலை இறுகப் பிடித்து இன்னொன்றைக் கைவிடுகிறது. வழியில் தரப்படும் பாட்டில் நம்முடையதைப் போலவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அலுமினியத் தாங்கி எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் அதைக் கையால் சற்று உள்நோக்கி வளைக்கலாம் என்பதே. கார்பனில் அதற்கு வழியில்லை. வாங்கும்போதே இறுக்கமாக இருக்கவேண்டும். பிடிக்குப் பெயர்பெற்ற எக்ஸ்லேப் கொரில்லா போன்றவை உண்டு, ஆனால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையில் இறக்குமதிப் பொருளைப் பார்த்துத்தான் வாங்கவேண்டியிருக்கிறது. பழைய டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டையைத் தாங்கியின் உட்புறம் ஒட்டினால் காசில்லாமல் பிடி கூடும். அளவு மீறினால் ஓடும் வண்டியில் ஒரு கையால் பாட்டிலை உருவ முடியாது, அதுவும் ஆபத்தே.

எத்தனை பாட்டில், எந்தக் கோணம் என்பதிலும் எனக்கு ஒரு முடிவு உண்டு. இரண்டைச் சுமக்கும் அகன்ற பொருத்தியைவிட இருக்கையை ஒட்டிய ஒற்றைத் தாங்கி குறைவாக அதிர்கிறது. பாட்டிலைப் பின்னோக்கிச் சாய்த்தால் உதைப்பு அதன் நீளவாக்கில் முழுதாகச் செயல்படாது. பிரேக் பிடிக்கும்போதும் பாட்டில் தாங்கியின் அடியை நோக்கியே அழுந்தும். மற்றொரு பாட்டிலைக் கைப்பிடி நீட்சிகளுக்கு இடையே படுக்கையாக வைத்துவிட்டேன். திருகுகளுக்கு நூல்பசை இட்டு, வாரம் ஒருமுறை கையால் அசைத்துப் பார்க்கிறேன்.

இளையவர் மீண்டும் ஓட்டத் தொடங்கிவிட்டார். தராசு ஆய்வகத்தில் என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில் இருக்கிறது. ஞாயிறு சவாரிக்கு வரும் நண்பர்கள், சனி மாலைக்குள் தத்தம் தாங்கிகளோடு ஒருமுறை வந்து போகலாம்.