ங்கோனி கற்கப் போன கிட்டார் கலைஞர்

ரொறன்ரோவில் வாழும் பல்கலைக்கழக நண்பர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் இசைத்தொகுப்பு ஒன்றை அனுப்பிவைத்தார். 'ஸ்மோக், நோ ஃபயர்' என்பது அதன் பெயர்; 2012 இல் வெளியானது. பல மாதங்கள் அதனைக் கேட்காமலே வைத்திருந்தேன். மேற்கத்தேய இசைஞர் ஒருவர் ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ ஒரு வாரம் பறந்து சென்று, உள்ளூர்க்காரர்களைப் பின்னணியில் தாளம் தட்டவைத்து, ஊர் திரும்பி அதனைக் 'கலப்பிசை' என்று விற்பதைப் போதியளவு கேட்டாயிற்று என்பது என் எண்ணம். அந்த எண்ணம் இங்கே பிழைத்துப்போனது.

லெனி ஸ்டேர்ன் 1952 இல் மியூனிச் நகரில் பிறந்தவர். ஜேர்மனியில் நடிகையாக இருந்தவர், திரைப்பட இசையமைப்புப் படிப்பதற்காக 1977 இல் பொஸ்டனின் பேர்க்லி இசைக் கல்லூரிக்கு வந்தார். கிட்டார் அவரைப் பிடித்துக்கொண்டது. நியூயோர்க்கில் அவர் அமைத்த முதற் குழுவில் பில் ஃபிரிசெலும் போல் மோஷனும் இருந்தனர் என்றால், ஜாஸ் அறிந்தவர்களுக்கு வேறு அறிமுகம் தேவையில்லை.

இத்தனை அனுபவத்தின் பின்னர், ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில், மாலி நாட்டின் பாலைவன விழாவுக்குச் சென்ற அவர் அங்கே மாணவியானார். பஸேக்கு குயாத்தேயிடம் ங்கோனி கற்றார். (ஏறத்தாழ அதே வயதில், கைப்பேசியில் தமிழ்த் தட்டச்சுப் பழகுவதற்கே மூக்கால் அழுதவன் நான்.)

ங்கோனி என்பது மரத்தைத் தோணிபோலக் குடைந்து தோல் போர்த்திய சிறிய நரம்புக் கருவி. அமெரிக்க பான்ஜோவின் மூதாதையரில் ஒன்றாக ஆய்வாளர் இதனைக் கருதுகின்றனர். கிட்டாரிலும் வீணையிலும் உள்ளதுபோன்ற மெட்டுகள் இதன் தண்டிலே கிடையா. சுரம் எங்கே இருக்கின்றதென்பதைக் காதுதான் விரலுக்குச் சொல்லவேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் தாளம். மூன்றும் இரண்டும் ஒன்றன்மீது ஒன்று ஏறியோடும் அந்தச் சுழற்சியில் தொடக்க அடி எது என்பதே புதியவருக்குப் பிடிபடாது. திஸ்ரத்தையும் சதுஸ்ரத்தையும் கையால் போட்டுப் பழகிய நமது காதுகூட முதலில் தடுமாறத்தான் செய்கின்றது. ஜாஸ் கலைஞர் தமது முறை வந்ததும் முன்னே வந்து வெகுதூரம் போகலாம். மாலியிலோ ஒருவர் விடாது சுற்றிக்கொண்டிருக்கும் சிறு இசைச் சுற்றை விட்டு அறுந்துபோகாமல் மற்றவர் பறக்கவேண்டும். சுற்றைப் பிடித்திருப்பவர் குறைந்தவர் அல்லர்.

குயாத்தேக்கள் கிரியோ மரபினர். வரலாற்றையும் வம்சப் புகழையும் பாடுவது பிறப்பால் அவர்களுக்கு வந்த உரிமை. லெனி ஒலிப்பதிவு செய்தது சலிஃப் கெயித்தாவின் பமக்கோ கலையகத்தில். சுந்தியாத்தா பேரரசரின் வழித்தோன்றலான கெயித்தாவுக்கோ, அரச குலத்தவர் பாடலாகாது என்ற தடை இருந்தது. அதனை மீறியே அவர் பாடகரானார். தவில், நாதஸ்வரக் குடும்பங்களை நாங்கள் எங்கே இருத்தினோம் என்பதை அறிந்த யாழ்ப்பாணத்தானுக்கு இந்தக் கதை விளங்காமல் போகாது.

ஒலிப்பதிவு நடந்த 2012 மார்ச்சில்தான் பமக்கோவில் இராணுவப் புரட்சி வெடித்தது. அதே நாட்களில், அதே நகரில் பஸேக்குவும் தமது 'ஜமா கோ' தொகுப்பைப் பதிந்துகொண்டிருந்தார். அடுத்த சில வாரங்களில் வடபகுதி ஆயுதக் குழுக்களிடம் வீழ்ந்தது. திம்புக்துவிலும் காவோவிலும் இசையே தடைசெய்யப்பட்டது. இசைஞர்கள் தெற்கே ஓடினர். 2012 ஜனவரிக்குப் பின்னர் பாலைவன விழா அந்த மண்ணில் நடைபெறவில்லை.

இதனை அறிந்த பின்னர் தொகுப்பை மீண்டும் கேட்டபோது, தொண்ணூறுகளின் யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. மின்சாரம் இல்லை. பாடசாலை அப்பியாசக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான காலம். நானும் அங்கே இளம் நிருபன். இரவில் செய்திகளை எழுதி முடித்ததும், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வானொலியை இணைத்துத் திருச்சி நிலையத்தைப் பிடிப்போம். ஒருவர் கையால் மிதிகட்டையைச் சுற்றவேண்டும். சுற்றுவது தளர்ந்தால் பாட்டுத் தேய்ந்துவிடும். சுற்றுபவனுக்குச் சங்கிலியின் இரைச்சலில் பாட்டு ஒழுங்காகக் கேட்காது. ஆகவே முறை வைத்துச் சுற்றினோம். தூரத்தில் ஷெல் விழும் சத்தம் கேட்டால் சுற்றுபவன் ஒரு கணம் நிறுத்துவான், பிறகு தொடங்குவான். அந்த இரவுகளில் எதற்காகப் பாட்டுக் கேட்டோம் என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

லெனி ஒரு தொகுப்போடு விட்டுப்போகவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகின்றது. செனகல் நாட்டவரான மமடு பாவும் அலியூன் ஃபாயும் நியூயோர்க்கில் அவரது நிரந்தரக் கூட்டாளிகளாயினர். 2018 இல் மூவரும் வெளியிட்ட தொகுப்பின் பெயர் வெறும் 'மூன்று'. அதில் அவரது கிட்டார் பல இடங்களில் முன்னுக்கு வருவதே இல்லை. மமடுவின் பாஸ் கிட்டாரும் அலியூனின் மேளமும் பேசிக்கொண்டிருக்க, அது பின்னால் நின்று சுற்றைப் பிடித்துக்கொண்டிருக்கின்றது.