வெயிலிலும் வடியாத வெள்ளம்

மழை நின்றது, வானம் வெளுத்தது, வெயிலும் வந்தது. வெள்ளம் மட்டும் போகவில்லை!

கதையன்று, தோழர்களே. பிரான்சு நாட்டின் வடபுலத்தில், சோம் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில், 2001ஆம் ஆண்டு நிகழ்ந்தது இது. அப்வீல் நகரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் மார்ச்சுத் திங்களில் ஏறிய நீர், மே மாதம் கழியும் வரையிலும் சில வீடுகளை விட்டு அகலவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. கரையை உடைத்து, மரத்தை முறித்து, முழங்கி வரும் காட்டாற்று வெள்ளமன்று. தரையின் வழியே, நிலவறைச் சுவரின் வழியே, ஓசையின்றி ஊறி வந்த நீர்!

கண்முன் நிகழ்வதற்குக் காரணம் தெரியாதபோது மனிதன் என்ன செய்கிறான்? காரணத்தைத் தானே படைத்துக்கொள்கிறான். பாரிசு மாநகரைக் காப்பாற்றுவதற்காகச் சேன் ஆற்றுப் புறத்து நீரைக் கால்வாய் வழியே எங்கள்மீது திருப்பிவிட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பிற்று. ஏப்ரலில் அப்வீலுக்கு வந்த தலைமையமைச்சர் லியோனல் ஜோஸ்பன், ஆறுதல் சொல்ல வந்த இடத்தில் சினத்தையே சந்தித்தார். பிரெஞ்சு மேலவை ஆய்வுக்குழு அமைத்து ஆராய்ந்தது. திருப்பியவர் எவருமிலர்! மாதக்கணக்கில் பெய்த மழையை விழுங்கி வைத்திருந்த பாறைதான் அதைத் திரும்பக் கக்கியிருந்தது.

அம்மக்களை எள்ளி நகையாட யாம் முன்வரவில்லை. ஆறுகளை இணைக்கும் கால்வாய்கள் அங்கே உண்மையிலேயே உண்டு. தலைநகரம் தம்மைப் பொருட்படுத்துவதில்லை என்னும் மனக்குறை எந்த நாட்டுச் சிற்றூரானுக்குத்தான் இல்லை? ஆயினும், பகைவனைத் தேடிப் பாரிசு வரை சென்ற கண், கொல்லைப்புறக் கிணற்றை எட்டிப் பார்த்திருந்தால் உண்மை அங்கேயே கிடைத்திருக்குமே என்பதுதான் எமது ஏக்கம்.

அந்தப் பாறை சுண்ணப்பாறை. கரும்பலகையில் எழுதும் கட்டிக்கு ஆங்கிலத்தில் பெயர் தந்ததே அதுதான் (இன்று எமது கையிலிருக்கும் கட்டி பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்தது, அது வேறு கதை). வகுப்பில் அத்தகைய கட்டியொன்றின்மீது சொட்டுச் சொட்டாக நீர் விட்டுக் காட்டினோம். முதற் சொட்டு மறைந்தது. இரண்டாம் சொட்டும் மறைந்தது. உறிஞ்சி உறிஞ்சிப் போதுமென்றானதும், அடுத்த சொட்டு மேலே நின்று வழிந்தது. பள்ளத்தாக்கின் கதையும் இதுவே. இலையுதிர்காலத்தில் பெய்யத் தொடங்கும் மழை நுண்துளைகளிலும் வெடிப்புகளிலும் இறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தைக் குளிர்காலம் முழுவதும் உயர்த்திக்கொண்டே போகும். நீர்மட்டம் பள்ளத்தாக்கின் தரையைத் தொட்டதும் வெள்ளம்! மெல்ல ஏறியது மெல்லத்தான் இறங்கும். வாரங்களாகும், சில வேளை மாதங்களாகும்.

இங்கிலாந்தின் தென்புலத்திலும் இதே பாறை. மழைமிகுந்த ஆண்டில் மட்டும் மேட்டுநிலத்தில் திடீரென ஓடைகள் பிறக்கும். வடக்கே யார்க்சைரில் இத்தகைய ஓடையொன்றுக்குத் ‘துயரநீர்’ என்று பெயரிட்டு, அது ஓடினால் கொள்ளைநோயும் போரும் வருமென அஞ்சினர். தெற்கிலோ, ஓடை எழுந்தால் தானியவிலை ஏறும் என்றனர். செல்போர்ன் ஊரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் 1774இல் எழுதிய மடலொன்றில் இதை எடுத்துக்கொண்டார். அவர் பாதிரியார்தாம், எனினும் தெய்வக் குறி என்று சொல்லி ஒதுங்கவில்லை. மேட்டிலேயே ஊற்றெழும் அளவுக்கு மண் நீருண்டால் பள்ளத்து வயல்கள் மூழ்கத்தானே செய்யும், விளைச்சல் குன்றத்தானே செய்யும் என விளக்கினார். குறி என்று ஊரார் கண்டதைக் காரணகாரியமாக அவர் கண்டார்.

அந்நாட்டுச் சசெக்சு வட்டாரத்தில் சில்குரோவ் என்னுமிடத்துக் கிணறொன்றின் நீர்மட்டம் 1836 முதல் அளந்து எழுதப்பட்டு வருகிறது. ஆட்சிகள் மாறின, இரு உலகப் போர்கள் வந்து போயின, கிணற்றுக் கணக்கு நிற்கவில்லை! மெதுவாக வரும் பகையை முன்கூட்டியே அறியலாம் என்பது இதில் ஒரு நன்மை. கிணறு ஏறும் வேகத்தைப் பார்த்து, வெள்ளம் வருமென்று வாரங்களுக்கு முன்பே எச்சரிக்கிறார்கள். ஆம்ப்சைரின் ஆம்பிள்டன் ஊர் 2000-01 குளிர்காலத்திலும், மீண்டும் 2014இலும் இவ்வாறு நனைந்தது. அதன் பிறகே ஊரடியில் குழாய் பதித்து நீருக்கு வழி செய்தனர். வாசலில் மணல்மூட்டை அடுக்கிப் பயனென்ன, நீர் தரையைத் துளைத்து வரும்போது? நிலவறையை அவசரப்பட்டு இறைத்தாலோ, வெளியே நிற்கும் நீரின் அழுத்தம் சுவரையே உள்ளே தள்ளிவிடும். புறத்தே நீர் இறங்கிய பிறகே உள்ளே இறைக்க வேண்டும்.

இவ்வளவும் எமக்கெதற்கு? சொல்கிறோம்.

நெல்லைச் சீமையின் தென்கோடியில், வறண்ட செம்மண் ஊரில் ஆசிரியத் தொழில் பார்க்கிறோம். எம் பக்கத்து ஆயன்குளத்தில் 2021 மழைக்காலத்தில் ஒரு கிணறு, பாய்ந்து வந்த நீரையெல்லாம் நாட்கணக்கில் விழுங்கியும் நிரம்பவில்லை. ‘அதிசயக் கிணறு’ என்றார்கள். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அடியில் சுண்ணாம்புப் பாறை, மழைநீர் அரித்த பொந்துகள் வழியே நீர் பரவுகிறது என்றார்கள். அதிசயம் என்னும் சொல் மட்டும் இன்னும் நிலைத்திருக்கிறது.

2023 திசம்பரில் தென்மாவட்டங்களில் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல்! அடுத்த வாரம், பாதாளத்தில் கிடந்த எம் ஊர்க் கிணறுகள் கையால் மொள்ளும் அளவுக்கு வந்து நின்றன. ஊரே திருவிழாக் கோலம். நீருக்கு ஏங்கிய ஊரில், நிறைந்த கிணற்றை ஆபத்து என்று சொல்ல நா எழுமா? ஆனால் கிணற்றை அடுத்தே கழிப்பறைக் குழி இருக்கிறதே!

வகுப்பில் கணக்காகக் கேட்டோம்: குழியின் ஆழம் 8 அடி, கிணற்று நீர் தரைக்கு 3 அடி கீழே நிற்கிறது, குழிக்குள் நீர் எத்தனை அடி? ‘அஞ்சு அடி’ என்றாள் ஒரு சிறுமி. சொன்னவள் சட்டென வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வீட்டுக் கிணறுதான் அது.

ஊர்க்கூட்டத்தில் பிளீச்சிங் பவுடர் கேட்டோம். கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்றோம். மோட்டார் பெட்டியை உயரத்தில் மாட்டச் சொன்னோம். சுற்றுச்சுவரில்லாக் கிணறுகளுக்கு முள்வேலியாவது கட்டச் சொன்னோம். ‘தண்ணியில்லாம செத்தோம். வந்த பொறவும் நொட்டை சொல்லுதியளே, வாத்தியார் தம்பி!’ என்றார் பெரியவர் ஒருவர். அவர் சொன்னதில் பொய்யில்லை. நாற்பது ஆண்டு வறட்சியின் குரல் அது. பவுடர் வந்தது. சிலர் போட்டார்கள், சிலர் சிரித்தார்கள். அந்தச் சிறுமியின் வீட்டில் போட்டார்கள்.

மறு மாதமே பள்ளிக் கிணற்றுக்கு முடிச்சிட்ட கயிறும் கோடிட்ட குறிப்பேடும் வாங்கினோம். திங்கள்தோறும் காலையில் மாணவர் இருவர் கயிறிறக்கி அளக்கிறார்கள். அதைப் பக்கத்திலிருந்து நாம் பார்க்கிறோம். ஏடு தொடங்கியபோது நீர் 4 அடியில் நின்றது. சித்திரைக்குள் 19 அடிக்குப் போயிற்று. அடுத்த ஐப்பசியில் 10 அடிக்கு மேல் ஏறினால் பவுடர் கேட்டு மனு எழுதுவதென்று எட்டாம் வகுப்பார் முடிவு செய்து, மனுவின் முதல் வரியையும் இப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள்.