மூன்றாம் தூண்

மாசி மாதம், சம்பா அறுவடை முடிகிற நேரம். தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகிற சாலையில் ஒரு தனியார் நெல் கிடங்கு. 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். உள்ளே சாக்கு வாடை, நெல் தூசி, இரண்டு பக்கமும் ஆள் உயரத்தைத் தாண்டிய அட்டிகள். நடுத்தரையில் சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறிகள். அந்தக் குறிகளைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

ஒரு லாரி நெல் 17 சதவீத ஈரத்தோடு வரும், இன்னொன்று 14-க்குக் கீழே காய்ந்து வரும். ஈர நெல் முதலில் ஆலைக்குப் போயாக வேண்டும். எந்த லோடு எந்த அட்டியில் ஏறியது என்பது இதுவரை ஒரு நோட்டிலும் சுமைதூக்கும் அண்ணன்மார் நினைவிலும்தான் இருந்தது. இப்போது தள்ளுவண்டி ஒவ்வொன்றிலும் தீப்பெட்டி அளவில் ஒரு டேக் கட்டியிருக்கிறார்கள். மூட்டையை இறக்கிய இடம் கணினித் திரையில் புள்ளியாக விழும். அந்தப் புள்ளி சரியான இடத்தில் விழ வைப்பதுதான் அன்றைய வேலை.

வேலை செய்தது இரண்டு பேர். மன்னார்குடிப் பக்கத்துப் பெண், பாலிடெக்னிக் படித்தவர். அவருக்கு உதவியாக ஒரு பையன். நான்கு மூலைத் தூண்களிலும் ஆங்கர் என்று அவர்கள் சொல்லும் சிறு பெட்டிகள். டேக் ஓர் அலையை அனுப்புகிறது, ஆங்கர் பதில் தருகிறது, போய்வந்த நேரத்திலிருந்து தூரம் கிடைக்கிறது. அல்ட்ரா வைட்பேண்ட் முறை. ஒளி ஒரு நானோ நொடியில் கிட்டத்தட்ட ஓர் அடி போகும். ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்து அதில் ஒரு பங்கு பிசகினால், போய்வருகிற வழி என்பதால், மூட்டை அரை அடி நகர்ந்துவிடும். பெட்டிக்குள் சர்க்யூட்டிலும் ஆன்டெனாவிலும் அலை சற்றுத் தங்கிப் போகிறது. அந்தத் தாமதம் பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் மாறும். அதனால் முதலில் ஒவ்வொரு பெட்டியையும் டேப்பால் அளந்த 5 மீட்டர் தூரத்தில் நிறுத்தி, சில நூறு அளவுகள் எடுத்து, கூடுதலாக வருவதைக் கழிக்கிறார்கள். அலுப்பான வேலை. அந்தப் பெண் முகம் சுளிக்காமல் செய்தார்.

பிறகு பெருக்கல் குறிகள். டேக்கைக் குறியின் மேல் வைக்க வேண்டும், ஆள் விலகி நிற்க வேண்டும், திரை சொல்வதையும் டேப் சொல்வதையும் ஒப்பிட வேண்டும். ஆள் ஏன் விலக வேண்டும் என்று கேட்டேன்.

"நம்ம உடம்புல பாதிக்கு மேல தண்ணிதானே சார். குறுக்க நின்னா அலையைக் குடிச்சிடும். ஈர நெல்லும் அப்படித்தான்."

அட்டிக்குப் பின்னால் வைத்தபோது தூரம் கூடியது. நேர்வழி அடைபட்டால் அலை தகரக் கூரையில் பட்டுச் சுற்றி வரும். சுற்றி வந்தால் தூரம் கூடத்தான் செய்யும், குறையாது. மறைப்பால் வரும் பிழைக்கு ஒரே திசை என்று அறிந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. திசை தெரிந்தால் பிடித்துவிடலாம் அல்லவா?

ஆனால் மதியத்துக்கு மேல் வேறொன்று உதைத்தது. எதிரே மறைப்பே இல்லாத இடத்திலும் கிழக்குப் பக்கப் புள்ளிகள் ஓர் அடிக்கு மேல் சாய்ந்தன. அந்தப் பெண் டேக்கை விட்டுவிட்டு ஆங்கர்களுக்கு இடையே உள்ள தூரங்களை எடுத்தார். நான்கு பெட்டிக்கு ஆறு தூரம். நான்கு சரி. தப்பான இரண்டும் மூன்றாம் தூணில் வந்து முடிந்தன. பையன் லேசர் அளவுகோலைத் தூணின் வெளிமுகத்துக்குப் பிடித்திருக்கிறான், பெட்டி இருந்ததோ உள்முகத்தில். தூணின் கனம் 45 சென்டிமீட்டர். நானோ நொடியில் தவறில்லை, தூணில் தவறு.

இந்தத் தட்டையான மண்ணில் இடம் அறிவது பழைய பாடு. 1802-இல் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கிய ஆங்கிலேய அதிகாரி லாம்டன், 1808-இல் காவிரிப் படுகைக்கு வந்தபோது ஏறி நின்று பார்க்க ஒரு குன்று கிடைக்கவில்லை. எங்கும் வயலும் தோப்பும். கோயில் கோபுரங்களே அவருக்குக் குன்றுகள். தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு விட்டுப்போய், கருவி சுவரில் மோதி, வட்டம் நெளிந்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. பலகையில் சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு நெளிந்த விளிம்பை அதற்குப் பொருந்தும்வரை இழுத்தார். வளைந்த ஆரங்களைச் சிறு சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம். கயிறு இழுத்த கைகள் யாருடையவை என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

கிடங்கிலும் டேப்பின் மறுமுனையைப் பிடித்தது ஒரு சுமைதூக்கும் பெரியவர். அறுபதை நெருங்கும் வயது, 40 கிலோ சிப்பத்தை இன்னமும் தோளில் ஏற்றுகிறார். டேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏம் பாப்பா, இதை எங்க சட்டையிலயும் மாட்டுவாங்களா? செத்த உக்காந்தா அதுவும் தெரியுமா?"

"தெரியும் பெரியப்பா. ஆனா வண்டிக்கு மட்டுந்தான் சொல்லியிருக்காங்க."

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. எனக்கு அந்தக் கேள்வி இறங்கவே இல்லை. நெல் எங்கே இருக்கிறது என்பது கிடங்குக்குத் தெரிய வேண்டும். மூட்டைக் கணக்கில் கூலி வாங்குகிற மனிதர் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார் என்பது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. அதை மேலாளரிடம் வெளிப்படையாகவே சொன்னேன். வண்டிகளுக்கு மட்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வைக்கச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

மூன்றாம் தூணின் அளவைத் திருத்தியதும் கிழக்குப் புள்ளிகள் சாக்பீஸ் குறிக்கு நான்கு விரல் கிட்டத்தில் வந்தன. தினமும் சரிபார்க்க ஒரு டேக்கை வாசல் நிலையில் நிரந்தரமாகத் திருகி வைத்தார்கள். பொழுது சாய இரண்டு லாரி வந்தது. புது அட்டி எழும்பி, இரண்டாம் ஆங்கரைப் பாதி மறைத்தது. அந்தப் பெண் அண்ணாந்து பார்த்தார். பெட்டியை இன்னும் ஒரு மீட்டர் மேலே ஏற்ற ஏணி கேட்டார். பெரியவர் தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு டேப்பின் முனையைக் கையில் எடுத்தார்.

"உள்முகந்தானே பாப்பா?"

"உள்முகந்தான் பெரியப்பா."