கேட்டைத் தாண்டாத சாப்ட்வேர்



திருப்பூர்க்காரர்களான நமக்கு டெலிவரி சலானைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. நிட்டிங்கிலிருந்து டையிங், அங்கிருந்து காம்பாக்டிங் என்று துணி கேட்டைத் தாண்டினால் கூடவே சலானும் போக வேண்டும். கம்பெனிக்குள்ளேயே கிடந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

சுதந்திர மென்பொருளுக்கான ஜி.பி.எல். உரிமமும் ஏறக்குறைய இப்படித்தான். இதன் 2-ஆம் பதிப்பு 1991-லும், 3-ஆம் பதிப்பு 2007-லும் வெளிவந்தன. புரோகிராமின் பிரதியை இன்னொருவருக்குக் கொடுத்தால், அதன் சோர்ஸ் கோட் அவருக்குக் கிடைக்க வழி செய்ய வேண்டும். திருத்தி நமக்குள்ளேயே வைத்துக்கொண்டால் கடமை ஏதுமில்லை.

சரி, புரோகிராமை சர்வரில் ஓட்டி, பிரௌசர் வழியாக மற்றவர்களைப் பயன்படுத்தவிட்டால்? சரக்கு கேட்டைத் தாண்டவில்லையே! மும்பையில் உருவான இ.ஆர்.பி.நெக்ஸ்ட், ஜி.பி.எல். 3-ன் கீழ் வருகிறது. அதை வாடகைக்கு விடுபவர், சர்வருக்குள் செய்த திருத்தங்களைத் தர வேண்டியதில்லை.

இந்தச் சந்தை அடைக்கத்தான் 2007 நவம்பரில் அஃபெரோ ஜி.பி.எல். 3 வந்தது. அதன் 13-ஆம் பிரிவின்படி, புரோகிராமைத் திருத்தி ஓட்டுபவர், நெட்வொர்க் வழியே அதைப் பயன்படுத்தும் அனைவருக்கும் திருத்திய சோர்ஸை இலவசமாகத் தர முன்வர வேண்டும். திருத்தாமல் அப்படியே ஓட்டினால் இப்பிரிவு கட்டுப்படுத்தாது.

"இதெல்லாம் வக்கீல் சமாச்சாரம், நமக்கெதுக்குப்பா?" என்கிறீர்களா? நான் பயிற்சிக்குப் போன பனியன் கம்பெனியில், சலானில் ஷேடு நம்பர் சேர்க்கச் சொல்லி மாதக்கணக்கில் அலைந்தார் ஓனர். சாப்ட்வேர்காரர் போனே எடுக்கவில்லை.

"ஏந்தம்பி, வேற ஆளை வெச்சு மாத்திக்க முடியாதுங்களா?"

"லைசென்ஸ் என்னன்னு பாக்கோணுங்கண்ணா."

பார்த்தால் அஃபெரோ! உரிமையோடு கடிதம் போட்டதும் சோர்ஸ் வந்தது. வேறொரு புரோகிராமர் அதைத் தனி சர்வரில் ஏற்றி வேலையை முடித்தார். ஆனால் பழைய கணக்குகளை வாங்கத்தான் படாதபாடு! உரிமம் தருவது புரோகிராமை மட்டுமே. நம் கணக்குக்கு முன்கூட்டியே தனி ஒப்பந்தம் வேண்டும்.

நண்பர்களே, நாளை சர்வரை நிர்வகிக்கப் போகிறவர்கள் நாம்தான். இன்ஸ்டால் செய்யுமுன் லைசென்ஸைப் படிப்போம். அஃபெரோவைத் திருத்தினால் முகப்பிலேயே சோர்ஸுக்கு ஒரு லிங்க் வைப்போம். கேட்டு வாங்கும் நிலை எந்த ஓனருக்கும் வர வேண்டாமே!