பவளத்துக்கு வெளிச்சமே சாப்பாடு!

பட்டுப்புடவை எடுக்கப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். கடை வெளிச்சத்தில் தெரிந்த அரக்கு வேறு, வெயிலில் தெரிகிற அரக்கு வேறு. ஆரணியில் தறிக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு இது பழகிப்போன பாடம். எங்கள் வீட்டில் தறிக்கு மேலே கூரையில் கண்ணாடி ஓடு பதித்திருப்பதும் இதற்காகத்தான். வெளிச்சம் என்றால் கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தால் போதாது. வேலை நடக்கிற இடத்துக்கு அது வந்து சேர வேண்டும்.

இந்தப் பாடம் கடல் பவளத்துக்கும் பொருந்தும் என்று எனக்குத் தெரியவந்தது எங்கள் சின்னவனால்.

அவனுக்குத் தறியில் உட்கார மனசில்லை. சென்னை கொளத்தூரில் அலங்கார மீன் கடை ஒன்றில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தவன், "அம்மா, இரண்டரை அடி ஆழத்துல ஒரு தொட்டி மலிவா வருது. உப்புத் தண்ணி விட்டுப் பவளம் வளர்க்கலாம். தொழில் பழகிட்டா நம்ம ஊர்லேயே கடை போட்டுடுவேன்" என்றான். கூரை ஓடு மாற்ற வைத்திருந்த சீட்டுப் பணத்தின் மேல் அவனுக்குக் கண். "கடலே இல்லாத ஊர்ல உப்புத் தண்ணியை வீட்டுக்குள்ள வெச்சு என்னடா பண்றது?" என்றார் அவன் அப்பா. எனக்கு மட்டும் உடனே வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பிள்ளை ஒரு வேலையைப் பற்றி இத்தனை ஆசையாகப் பேசி நான் கேட்டதில்லை. அதனால் நாலு நாள் அவனைக் கேள்வி கேட்டே துளைத்தேன்.

முதல் சங்கதி: பவளம் செடியும் இல்லை, கல்லும் இல்லை. அது ஒரு பிராணி. அதன் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தை வைத்துச் சமைக்கிற உணவில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. வெளிச்சம் குறைந்தால் அது பட்டினி! (நாம் கழுத்தில் போடும் சிவப்புப் பவளம் வேறு ஜாதி. அது ஆழ்கடலின் இருட்டிலேயே வளரும்.)

இரண்டாவது, தண்ணீர் வெளிச்சத்தைத் தின்னும். கடலில் சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு மங்கிவிடும். நீலம்தான் ஆழத்துக்குப் போகும். அதற்குப் பழகிய உயிர் என்பதால் பவளத் தொட்டிக்கு நீலம் தூக்கலான எல்.இ.டி. விளக்கு போடுகிறார்கள்.

நான் கேட்டேன்: "மேலே விளக்கு வெச்சா, இரண்டரை அடிக்குக் கீழே இருக்கிறதுக்கு என்னடா எட்டும்?"

அந்தக் கேள்விதான் நல்லதாகப் போயிற்று. அடுத்த வாரம் அவன் கடையிலிருந்து பி.ஏ.ஆர். மீட்டர் என்ற கருவியை இரவல் வாங்கிப்போய், தொட்டியோடு வரும் பழைய விளக்கைப் போட்டு அளந்தான். நம் கண்ணுக்குத் தெரிகிற பளபளப்பை அது அளப்பதில்லை. பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தை மட்டும் அளக்கும். உச்சி வெயிலில் அது ஏறக்குறைய 2000 காட்டும். தொட்டியின் மேல்தட்டில் 160 காட்டியது, அடியில் வெறும் 30! பார்வைக்கு இரண்டு இடமும் ஒரே மாதிரிதான் இருந்ததாம்.

மெத்தென்ற சதைப் பவளங்களுக்கு 50 முதல் 150 வரை போதும். கிளை விட்டு வளரும் கல் பவளத்துக்கு 200க்கு மேல் வேண்டும். காளான் மாதிரித் தட்டையானவை மங்கலிலும் பிழைக்கும். ஆகவே ஆழத் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டே வழி. ஒன்று, வெளிச்சத்தைக் குவித்துக் கீழே அனுப்பும் லென்ஸ் வைத்த விளக்கு. இல்லையென்றால் கற்களைப் படியாக அடுக்கி, அதிக வெளிச்சம் கேட்பதை மேல் படியிலும் குறைவாகக் கேட்பதைக் கீழேயும் வைப்பது.

"அப்படின்னா பெரிய விளக்கா போட்டுடலாமே" என்றார் எங்க வீட்டுக்காரர். அதுவும் ஆபத்து. திடீரென்று வெளிச்சத்தைக் கூட்டினால் பவளம் வெளுத்துவிடும். குறைவாகத் தொடங்கி, மூன்று நாலு வாரத்தில் மெல்ல ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் படக்கூடாது. பட்டால் பாசி மண்டும், தண்ணீர் சுடும்.

சூடு என்றதும் மன்னார் வளைகுடாவைச் சொல்ல வேண்டும். ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையோரம் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. 1986இல் அதைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அங்கேயே 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. சூடு தாங்காமல் உள்ளே இருக்கும் பாசி வெளியேறிவிடுகிறது. கடலுக்கே அந்தக் கதி என்றால், எங்கள் ஊர் சித்திரை வெயிலில் ஒரு கண்ணாடித் தொட்டி எம்மாத்திரம்? 24 முதல் 27 டிகிரிக்குள் தண்ணீரை வைக்க சில்லர் வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரை முதலில் தண்ணீர் ஓட்டும் மோட்டாருக்குக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் இருட்டைப் பவளம் பொறுக்கும், மூச்சு முட்டுவதைப் பொறுக்காது.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொன்றும் முக்கியம். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் ஆகாத ஜோடி. விளக்கின் ஒயர் பிளக்கைவிடத் தாழத் தொங்கிப் பிறகு மேலே ஏற வேண்டும். அப்போதுதான் வழியும் நீர் கீழே சொட்டிவிடும். ஷாக் அடித்தால் கரண்டை நிறுத்தும் இ.எல்.சி.பி. அவசியம். விளக்கில் படியும் உப்பை வாரம் ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள். உப்பு படிந்தாலே வெளிச்சம் குறையும்.

கடைசியாகச் சட்டம். நம் கடலின் கல் பவளம், கடல் விசிறி முதலியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001இல் சேர்க்கப்பட்டவை. எடுப்பதும் விற்பதும் குற்றம். ஒருவர் பவளம் விற்க வந்தால், எங்கிருந்து வந்தது, காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வாங்காதீர்கள்.

எல்லாம் கேட்டபின் வீட்டில் ஒரு முடிவு செய்தோம். முதலில் கூரை ஓடு. மழை எங்களுக்காகக் காத்திருக்காது. மீதிப் பணத்தில் தொட்டியும் அளந்து பார்த்து வாங்கிய விளக்கும். சில்லர் அவன் சம்பளத்தில் சேர்த்து வாங்க வேண்டும். அதுவரை தொட்டியில் பவளம் கிடையாது. சின்னவன் முகம் கொஞ்சம் வாடியது. "கல்யாணம் பண்ணி வைக்கிற மாதிரி கேக்கறியேம்மா" என்றான்.

"உயிராச்சேடா! பசிச்சா வாய் விட்டுக் கேக்குமா அது?" என்றேன்.

இப்போது கூடத்தில் தொட்டி நிற்கிறது. உள்ளே உப்புத் தண்ணீரும் படியாக அடுக்கிய கற்களும் மட்டும். லீவில் வரும்போதெல்லாம் பிள்ளை ஒவ்வொரு படியிலும் வெளிச்சத்தை அளந்து நோட்டில் எழுதிவைக்கிறான். எங்க வீட்டுக்காரரும் தறியை விட்டு எழுந்து வந்து, "இன்னிக்கு அடியில எவ்வளவுடா?" என்று கேட்கிறார்.