மணி அடிக்கவில்லை என்றால் நலம் என்று அர்த்தமா?

ஒரு அலுவலகத்தில் இருக்கும் ஸ்விட்ச், ரவுட்டர், யூ.பி.எஸ். எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை அவை இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால்தான் "நெட் வரலை" என்று நிர்வாகிக்கு போன் மேல் போன் வரும். அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்வதற்கு முன் கருவியே முந்திக்கொண்டு நிர்வாகியிடம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் எச்சரிக்கை அறிவிப்புகள்.

இதற்கென 1988-ல் வந்த வழிமுறை எஸ்.என்.எம்.பி. கண்காணிப்பு சர்வர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை "நலமா?" என்று கருவியைக் கேட்பது ஒரு வகை. கோளாறு வந்ததும் கருவி தானாகச் சொல்வது இன்னொரு வகை; இதற்கு ட்ராப் என்று பெயர். ட்ராப் சாதாரணத் தபால் மாதிரி. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பிய கருவிக்குத் தெரியாது. பின்னால் வந்த இன்ஃபார்ம், ஒப்புகை அட்டையோடு போகும் பதிவுத் தபால்.

புதிதாக வேலைக்கு வரும் நிர்வாகிகள் பலர் செய்யும் முதல் தவறு, எல்லா அறிவிப்பையும் மெயிலுக்குத் திருப்பி விடுவது. மாலையில் ஊழியர்கள் கணினியை அணைத்தால் ஒவ்வொரு போர்ட்டும் "இணைப்பு அறுந்தது" என்று கத்தும். நான்கே நாளில் அந்த மெயில்கள் தனி ஃபோல்டருக்குப் போய்விடும், யாரும் திறக்க மாட்டார்கள். "புலி வருது" கதைதான்!

சிஸ்லாக் செய்திகளுக்கு 0 முதல் 7 வரை நிலைகள் உண்டு. 0 மிக அவசரம். ஆனால் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. சிஸ்கோ கருவிகளில் இணைப்பு அறுந்த செய்தி பொதுவாக 3-ஆம் நிலையில் வரும். அது குமாஸ்தாவின் கணினியா, மாடி முழுவதையும் இணைக்கும் கேபிளா என்று அந்த எண் சொல்லாது. எந்த போர்ட் முக்கியம் என்று மனிதர்தான் குறித்து வைக்க வேண்டும்.

அடுத்தது பாதை. ரவுட்டர் செத்துவிட்டது என்ற மெயில் அதே ரவுட்டர் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் எப்படிப் போகும்? அதனால்தான் சிம் கார்டு போட்ட மோடம் ஒன்றைத் தனியாக வைத்து எஸ்.எம்.எஸ். அனுப்புகிறார்கள்.

மணியே செத்துப்போனால் என்ன ஆகும் என்பதற்கு வேறொரு துறையில் பெரிய உதாரணம் உண்டு. 2003 ஆகஸ்ட் 14, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம். ஃபர்ஸ்ட்எனர்ஜி மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் மதியம் 2.14-க்கு எச்சரிக்கை மென்பொருள் ஓசையில்லாமல் நின்றுபோனது. மின்பாதைகள் மரத்தில் உரசி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. மணி அடிக்காததால் எல்லாம் சரியாக இருப்பதாகவே ஊழியர்கள் நினைத்தார்கள். வெளியிலிருந்து போனில் சொன்னவர்களையும் முதலில் நம்பவில்லை. மாலை 4 மணி தாண்டியதும் அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி பேர் இருட்டில் இருந்தார்கள்.

ஆகவே அறிவிப்பை அமைப்பதோடு வேலை முடிவதில்லை. "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று கண்காணிப்பு சர்வர் தினமும் ஒரு செய்தி அனுப்ப வேண்டும்; அது வராத நாள்தான் ஆபத்தான நாள். மாதம் ஒருமுறை சோதனைக்காக ஒரு கேபிளைக் கழற்றி, செல்போன் ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேலையை விட்டுப் போனவரின் எண் இன்னும் பட்டியலில் இருப்பது அப்போதுதான் தெரியவரும்!

கணக்குத் தணிக்கைக்கு வருபவர் "புகார் எதுவும் வரவில்லை" என்ற பதிலை ஏற்றுக்கொள்வதில்லை, வவுச்சரைக் கேட்கிறார். நெட்வொர்க் நிர்வாகியும் அப்படித்தான் கேட்க வேண்டும்.