சுந்தரியின் தும்மல்

எங்கள் வீட்டில் விடிந்ததும் முதலில் காதில் விழுவது சுந்தரியின் தும்மல்தான். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து சில நாள் ஏழு, எட்டு வரை போகும். பிறகு முன்னங்காலால் மூக்கைத் துடைத்துக் கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல் என்னைப் பார்க்கும். சுந்தரி எங்கள் பூனை.

மூன்று வருஷத்துக்கு முன், ஐப்பசி மழையில் மாடிப்படிக்கு அடியில் கிடந்த குட்டி அது. இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டிப் போயிருந்தன. மூக்கெல்லாம் சளி. வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துத் துடைத்துக் கண்ணைத் திறக்க வைத்தோம். பத்து நாளில் தேறிவிட்டது. அத்தோடு போச்சு என்று நினைத்தேன். எங்கே போச்சு? இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் தும்மலும் மூக்கொழுகலும் வந்து உட்கார்ந்து கொண்டது.

ஆளுக்கொரு அபிப்பிராயம். "பச்சைக் குழந்தை இருக்கிற வீடு. பூனை தும்மினா புள்ளைக்கு ஒட்டிக்காதா? மீன் மார்க்கெட் பக்கம் கொண்டு போய் விட்டுட்டு வரச் சொல்லு" என்றார் அத்தை. பாப்பாவுக்கு அப்போது ஏழு மாதம். அத்தை சொன்னதில் நியாயம் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? மாடி வீட்டு அக்கா, "கொஞ்சம் நீலகிரித் தைலம் தடவேன், நல்லாக் கேக்கும்" என்றார்.

பாப்பாவுக்குக் காது குத்தியபோது வீடு நிறைய சொந்தக்காரர்கள். சமையல் சத்தம், பிள்ளைகளின் கூச்சல், ஹோமப் புகை. சுந்தரி மூன்று நாள் பீரோவுக்கு மேலேயே இருந்தது. எல்லாரும் ஊருக்குப் போய் ஒரு வாரம் கூட ஆகியிருக்காது, மூக்கு இரண்டும் அடைத்து, மஞ்சளாகச் சளி வடிய, வாயால் மூச்சு விட ஆரம்பித்தது. ஒன்றரை நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. காதைத் தொட்டால் கொதித்தது.

அன்று ராத்திரி நான் செய்ய இருந்த காரியத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. பாப்பாவின் காய்ச்சலுக்கு வாங்கிய பாராசிட்டமால் சிரப் அலமாரியில் இருந்தது. குழந்தைக்கே கொடுக்கிற மருந்துதானே, நாலு சொட்டு கொடுத்தால் என்ன என்று தோன்றியது. துண்டில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டு, சொட்டுக் குழாயை வாய்க்குக் கொண்டு போய்விட்டேன். எங்கிருந்து அந்த பலம் வந்ததோ, திமிறிக் கொண்டு கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. மருந்தெல்லாம் என் புடவையில்.

மறுநாள் கூடையில் வைத்து வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு போனோம். சிரப் சமாசாரத்தைச் சொன்னதும் அங்கிருந்த டாக்டரம்மா எழுதிக் கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உள்ளே போகலையே? நிச்சயமா?" என்று இரண்டு தரம் கேட்டார். பூனையின் ஈரலுக்குப் பாராசிட்டமாலைக் கழித்து வெளியேற்றத் தெரியாதாம். ரத்தம் பிராண வாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்து, ஈறு பழுப்பாகி, பெரியவர்கள் போடும் ஒரே மாத்திரையில் கூட உயிர் போய்விடுமாம். நீலகிரித் தைலம், கற்பூரம் கலந்த களிம்பு எல்லாமும் அப்படித்தான். பூனை உடம்பை நக்கிக் கொண்டே இருக்கும், தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும்.

அன்றுதான் எனக்கு விஷயமே புரிந்தது. இது வந்து போகும் ஜலதோஷம் இல்லை. குட்டியில் பிடித்த ஹெர்பிஸ் வகை வைரஸ், கண்ணும் மூக்கும் தேறிய பிறகும் நரம்புக்குள் ஒளிந்து கொண்டு ஆயுசுக்கும் இருக்கும். விருந்தாளி, இடமாற்றம், புதுப் பூனை என்று மனம் மிரண்டால் ஒரு வாரம், பத்து நாளில் திரும்ப எழும். முதல் தாக்குதலிலேயே மூக்கின் உள்ளே சுருள் சுருளாக இருக்கும் மெல்லிய எலும்புகள் அரித்துப் போயிருந்தால், சளி தேங்கி அதில் சாதாரணக் கிருமிகள் குடியேறும். மஞ்சள் சளி அதனால்தான். இந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது என்று டாக்டரம்மா சொன்னதை, வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம்தான் முதலில் சொன்னேன். "படிச்சவங்க சொன்னா சரி" என்றார். அரை மனசுதான்.

டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தார். அதைப் போட்டதும் ஊசியில்லாத சிரிஞ்சால் ஐந்தாறு மில்லி தண்ணீரை வாயோரமாக மெதுவாக விட வேண்டும். இல்லையென்றால் மாத்திரை உணவுக் குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். இது தெரியாதவர்கள் நிறைய இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

மற்றதெல்லாம் வீட்டு வேலைதான். குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்தி, பத்து நிமிஷம் அதோடு உட்காருவேன். தண்ணீர் மேலே படாமல் ஆவி மட்டும் பட்டால் சளி இளகும். சாம்பிராணியும் கொசுவர்த்தியும் கூடத்தை விட்டுப் போய்விட்டன. வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்த அத்தை சம்மதிக்க ஒரு மாதம் ஆயிற்று! இப்போது பூஜை அறைக் கதவைச் சாத்திக் கொண்டு போடுகிறார்.

பூனை வாசனை தெரிந்தால்தான் சாப்பிடும். மூக்கடைத்தால் பட்டினிதான். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு ஏறி ஆபத்தாகும். அதனால் உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்த மத்தி மீனை முள் எடுத்து, வெதுவெதுப்பாகக் கொடுக்கிறோம். ஒரு பக்க மூக்கில் மட்டும் ஒழுகினாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ வேறு கோளாறாக இருக்கலாம், உடனே தூக்கிக் கொண்டு வா என்றிருக்கிறார்கள்.

குட்டிக்கு ஆறு, எட்டு வாரத்திலேயே தடுப்பூசி ஆரம்பித்துவிட்டால் நோய் இவ்வளவு கடுமையாகாதாம். சுந்தரி விஷயத்தில் அந்த வாய்ப்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை.

வருகிற தையில் நாத்தனார் கல்யாணம். வீடு நிறைய ஜனம் இருக்கும். பின்கட்டு அறையைச் சுந்தரிக்கென்று ஒழித்து, பழைய புடவையை மடித்துப் போட்டு, மண் தட்டையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் இப்போதே அங்கே வைத்துப் பழக்குகிறோம். அந்த அறைச் சாவி அத்தையின் இடுப்பில்தான் இருக்கிறது. "வர்ற பிள்ளைங்க திறந்து விட்டுடும், என்கிட்டயே இருக்கட்டும்" என்கிறார்.